முதியோர் இல்லத்தை எதை வைத்து எடைபோடுவது?

கேரள-தமிழ்நாடு எல்லையில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன. கொஞ்ச நாளாக மறதியும் சேர்ந்திருக்கிறது. மகளுக்குக் கோவையில் வேலை, தம்பி ஷார்ஜாவில். வீட்டோடு தங்கிப் பார்க்க வந்த ஹோம் நர்ஸ்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். பாலக்காடு பக்கம் ஒன்று, பொள்ளாச்சி பக்கம் ஒன்று என இரண்டு இல்லங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். "இரண்டுமே சுத்தமாக இருக்கின்றன, இரண்டிலும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். எதை நம்பி அம்மாவை விடுவது?" என்பதுதான் கேள்வி.

நேரடியாகவே சொல்கிறேன். நீங்கள் பார்த்துவிட்டு வந்தது வரவேற்பறை, சாப்பாட்டுக் கூடம், வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நாலு பெரியவர்கள். அவர்கள் எந்த இல்லத்திலும் நன்றாகத்தான் இருப்பார்கள்; தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய்க் குடிப்பார்கள், குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்வார்கள். அதே இல்லத்தில் எழுந்திருக்க முடியாத, பேசவும் முடியாத ஒருவர் பின்பக்க அறையில் படுத்திருப்பார். அவரைப் பாருங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கேயும் சரி, ஆனால் அந்தச் சோற்றை அவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, நீங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் அம்மா இன்றைக்கு வராந்தாவில் உட்காரலாம். இன்னொரு முறை பக்கவாதம் வந்தால் அந்தப் பின்பக்க அறைதான் அவருக்கும்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் பாலியேட்டிவ் நர்ஸாக, அதாவது படுக்கையில் கிடப்பவர்களின் வலியையும் அவதியையும் தணிக்கிற நர்ஸாக, பல வருஷம் வேலை பார்த்தவள். வீடுகளுக்குப் போவது போலவே இல்லங்களுக்கும் போவோம். யூரின் டியூப் மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது. போர்டில் எழுதியிருப்பதும் அறிக்கையில் எழுதுவதும் ஒரு பக்கம் இருக்க, கட்டிலில் கிடக்கும் உடம்பு வேறு கதை சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவத் தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு அவெடிஸ் டொனபேடியன் என்பவர் 1966-லேயே ஒரு வழி சொல்லிவிட்டார். என்னென்ன வசதி இருக்கிறது, அங்கே என்னதான் செய்கிறார்கள், அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார். நம் ஊரில் குடும்பங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. சோதனைக்கு வரும் அதிகாரிகளும் பெரும்பாலும் கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை என்று எண்ணிவிட்டுப் போகிறார்கள். மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம்.

ஆவணங்களை முதலில் முடித்துவிடுவோம். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் இருக்கும்படி, அரசு நடத்தலாம் என்று சொல்கிறது. தனியார் இல்லங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விரிவாகச் சொல்லவில்லை. 2019-ல் வந்த திருத்த மசோதாவில் தனியார் இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் இருந்தன. அது சட்டமாகாமலே போய்விட்டது. ஆகவே எல்லையின் இரண்டு பக்கமும் மாநில ஏற்பாடுகள்தான். பாலக்காட்டு இல்லம் என்றால் அனாதை இல்லங்கள், அறநிலையங்களுக்கான கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, அது எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். பொள்ளாச்சி இல்லம் என்றால் கோவை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு உண்டா என்று அந்த அலுவலகத்திலேயே விசாரியுங்கள். மனநோய் உள்ளவர்களையும் அங்கே வைத்திருந்தால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். தீயணைப்புத் துறைச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். 2023-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஆசிரமத்தைப் பற்றி வந்த செய்திகள் உங்களுக்கு நினைவிருக்கும். அனுமதியே இல்லாமல் நடந்த இடம் அது. ஆவணம் இல்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். இருந்தால், உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

சரி, உள்ளே போனதும் என்ன பார்ப்பது?

முதலில் படுக்கைப்புண். படுத்த படுக்கையாக இருப்பவர் ஒருவரை, அவருடைய சம்மதத்தோடும் அங்கிருக்கும் நர்ஸை வைத்துக்கொண்டும் பாருங்கள். இடுப்பையோ முதுகையோ திறந்து காட்டச் சொல்வது சரியில்லை, அவரும் ஒரு மனிதர். குதிகால் போதும். போர்வையை விலக்கிக் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்திய இடம் வெளிறி மறுபடி நிறம் வந்தால் பயமில்லை. அழுத்தியும் நிறம் மாறவில்லை என்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது, அதுதான் புண்ணின் முதல் கட்டம். கறுப்பான தோலில் சிவப்புத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ கன்னிப்போயோ இருக்கும். குதிகாலுக்குக் கீழே தலையணை வைத்துக் காலைத் தூக்கி விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். குதிகாலைக் கவனிக்கிற இடத்தில் இடுப்பையும் கவனிப்பார்கள்.

அடுத்து, "இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கிறது?" என்று கேளுங்கள். "ரெண்டு பேருக்கு இருக்கு, ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போதே கொண்டு வந்தார், இன்னொருத்தருக்கு இங்கேதான் வந்தது, இப்போ ஆறிட்டு வருது" என்று சொல்கிற இடம் நல்ல இடம். பத்துப் பேர் படுத்த படுக்கையாக இருக்க, "எங்களிடம் புண்ணே வந்ததில்லை" என்றால் நான் நம்பமாட்டேன்.

திரும்பிப் படுக்க முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். அது இடைவெளியைக் கொஞ்சம் நீட்டித் தரும், அவ்வளவே. பல இல்லங்களில் இதற்கு ஒரு சார்ட் கட்டிலில் தொங்கும். அதை எடுத்துப் பாருங்கள். நான் போன ஒரு இடத்தில் காலை 11 மணிக்கே மதியம் 2 மணிக் கட்டத்திலும் 4 மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே கை. அந்த வயதானவர் முதுகு ஈரத்தோடு மல்லாந்தே கிடந்தார். சார்ட் தொங்குவதைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். அதில் இப்போது என்ன மணி வரை கையெழுத்து இருக்கிறது, அவர் எந்தப் பக்கம் படுத்திருப்பதாக எழுதியிருக்கிறது, நிஜத்தில் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

வாயைப் பாருங்கள். நாக்கு வறண்டு வெடித்திருக்கிறதா, வெள்ளை படிந்திருக்கிறதா? உதட்டோரம் புண்ணா? குளிப்பாட்டுவதை எல்லோரும் செய்துவிடுவார்கள், வாயைத் துடைத்துவிட நேரமும் பொறுமையும் வேண்டும். நகம், கால் விரல் இடுக்கு, கை மடிப்பு இதெல்லாமும் அப்படித்தான். பலம் இழந்த கை மூடியே கிடந்தால் உள்ளங்கைக்குள் நகம் குத்திப் புண்ணாகும். உங்கள் அம்மாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு சிறு கொப்புளம், இராத்திரி அரிப்பு என்று பலருக்கு இருந்தால் அது சொறி. கூட்டமாக வாழும் இடத்தில் சொறி வருவது குற்றமில்லை. வந்தபோது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். தங்கியிருப்பவர், வேலை செய்பவர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசி, துணி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்திருந்தால் அவர்களுக்கு விஷயம் தெரியும். அரிக்கிறவருக்கு மட்டும் ஆயின்மென்ட் கொடுத்தோம் என்றால் அடுத்த மாதம் உங்கள் அம்மாவுக்கும் வரும்.

தலைமுடியையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் ஒட்ட வெட்டியோ மொட்டையடித்தோ இருந்தால் காரணம் கேளுங்கள். பேன், சுத்தம் என்பார்கள். யாருடைய வசதிக்காக அந்த முடி போனது, அந்த அம்மாவைக் கேட்டார்களா என்பதுதான் விஷயம். தலை வாரிப் பின்னி, அவரவர் சேலையிலோ நைட்டியிலோ இருக்கிறார்கள் என்றால் அங்கே ஆட்களும் போதுமான அளவு இருக்கிறார்கள், மரியாதையும் இருக்கிறது.

எடைப் புத்தகம் கேளுங்கள். என்னைக் கேட்டால் ஒரு இல்லத்தில் ஒரே ஒரு நோட்டுதான் பார்க்க முடியும் என்றால் அதைத்தான் பார்ப்பேன். மாதம் ஒரு தடவை எல்லோரையும் எடை பார்த்து எழுதுகிறார்களா? ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கோ ஆறு மாதத்தில் 10 பங்கோ எடை குறைந்தால் அது எச்சரிக்கை. 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நிற்க முடியாதவருக்கு மேல்கைச் சுற்றளவு டேப்பால் அளக்கலாம். எடையைக் கவனிக்கிற இடத்தில் சாப்பாடு, பல், விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு எல்லாம் தானாகக் கவனத்துக்கு வந்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை போய் உட்காருங்கள். மெனு கார்டைப் பார்க்க வேண்டாம், ஊட்டுவதைப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதென்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் என்று கொடுத்து, முடிந்த பின்னும் அரை மணி நேரம் சாய்க்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு கட்டிலுக்கு நடுவே நின்றுகொண்டு இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் என்று படுத்திருப்பவர்களுக்கு ஊட்டுவதைப் பார்த்தால் அந்த இடத்தில் நிமோனியா வரும். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். வேலையாட்கள் வசதிக்காக மாலை ஆறு மணிக்கே கொடுத்துவிட்டு, மறுநாள் எட்டு மணிக்கு இட்லி என்றால் நடுவில் 14 மணி நேரம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது ஆபத்து. விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வேர்த்து, மயங்கிக் கிடப்பார், தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள்.

வெயிலைப் பற்றி நம் பகுதிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது ஞாபகம் இருக்கும். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் மாசி பங்குனியிலேயே குடிதண்ணீருக்கு லாரி பார்க்கிற ஊர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் சீக்கிரம் வற்றிப்போவார்கள். திடீரென்று உளறுவது, எழுந்து போகப் பார்ப்பது என்று ஆரம்பித்தால் "மறதி முத்திடுச்சு" என்பார்கள். பல தடவை அது நீர்ச்சத்துக் குறைவாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கும், இரண்டையும் குணப்படுத்த முடியும். மேல் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே யாரையாவது படுக்க வைத்திருக்கிறார்களா, கை எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, கை எட்டாதவருக்கு யார் எத்தனை மணிக்கு ஒரு தடவை கொடுக்கிறார்கள், போர் வற்றினால் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்கு எட்ட வேண்டியது வலது கைக்கு. இடது பக்கம் ஸ்டூல் போட்டுத் தம்ளர் வைத்தால் வைத்ததும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான். கழிப்பறைக் கைப்பிடியும் அப்படியே, வலது பக்கச் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தூக்குவதையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. இடுப்பைச் சேர்த்துப் பிடித்து எழுப்பத் தெரிந்தவர்களா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இப்போது கட்டிப்போடுவதும் தூக்க மாத்திரையும். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நாடே விழித்தது. 2017 சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிப்பதில்லை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, மிகக் குறைந்த நேரத்துக்குத்தான் வேறு வகையில் கட்டுப்படுத்தலாம். இன்றைக்குப் பெரும்பாலான இல்லங்களில் சங்கிலி இருக்காது. பழைய துப்பட்டாவால் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டியிருப்பார்கள், "டியூபைப் பிடுங்கிடறார்" என்பார்கள். நாற்காலிக்கு முன்னால் மேஜையைத் தள்ளி எழ முடியாமல் செய்திருப்பார்கள். அறைக்கு வெளியே தாழ்ப்பாள் இருக்கும். மணிக்கட்டில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளித் தாழ்ப்பாள் போட்ட அறைக்கு இராத்திரி சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

துணியால் கட்டுவது கண்ணுக்குத் தெரியும், மாத்திரையால் கட்டுவது தெரியாது. காலை 11 மணிக்கு நீங்கள் போகும்போது கூடத்தில் உள்ள பாதிப் பேர் தலை தொங்கி, வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தால் அமைதியான இல்லம் என்று நினைக்காதீர்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மாத்திரைகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. சில சமயம் அந்த மருந்து தேவைப்படும், டாக்டர் எழுதி, அளவு குறித்து, சில வாரங்களில் மறுபடி பார்த்துக் குறைக்க வேண்டும். "ராத்திரி சத்தம் போட்டா ஒரு மாத்திரை கொடுத்திடுவோம்" என்று வார்டனே சொன்னால் அங்கே அம்மாவை விடாதீர்கள். சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள்: புதிதாக எந்தத் தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ தொடங்கினாலும் எனக்குத் தெரிவிக்க வேண்டும், டாக்டர் சீட்டின் போட்டோ அனுப்ப வேண்டும்.

இராத்திரி. இல்லங்களில் நடக்கிற மோசமான விஷயங்களில் பாதி இராத்திரி எட்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில்தான் நடக்கின்றன. பகலில் ஆறு பேர் வேலை செய்வார்கள். இரவில் எத்தனை பேர், அவர்களில் விழித்திருப்பவர் எத்தனை பேர்? பகல் முழுக்க வேலை பார்த்த அதே பெண்தான் இரவிலும் "கூப்பிட்டா எந்திரிப்பா" என்றால் இரவில் ஆளே இல்லை என்றுதான் நான் கணக்கு வைப்பேன். ஒரு நாள் இரவு எட்டரைக்கு, "அம்மாவின் ரிப்போர்ட்டைக் கொடுக்க வந்தேன்" என்று ஏதாவது காரணம் வைத்துப் போங்கள். யார் கதவைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள். அவரிடமே கேளுங்கள்: இப்போது யாராவது மூச்சு முட்டினால் முதலில் என்ன செய்வீர்கள், வண்டி எது, எந்த ஆஸ்பத்திரி, குடும்பத்தாரின் போன் நம்பர் எங்கே இருக்கிறது? "மேடத்துக்குப் போன் பண்ணுவேன்" என்று மட்டும் வந்தால் போதாது.

விழுவதைப் பற்றிய நோட்டும் இருக்க வேண்டும். எப்போது, எங்கே, எப்படி விழுந்தார், பிறகு என்ன மாற்றினார்கள் என்பதை அதில் எழுதியிருக்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், அன்றைக்கு நன்றாக இருந்தாலும் சில நாள் கழித்துக்கூட உள்ளே ரத்தம் கசிந்திருப்பது தெரியவரும். அதனால் "சின்ன அடிதான், உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லல" என்பதை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆட்களைப் பற்றி. ஆயாம்மாக்களிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள், சம்பளம் சரியாக வருகிறதா, வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டா, எங்கே படுக்கிறீர்கள்? இல்லத்தின் தரம் இந்தப் பெண்களின் கையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுகிற இடத்தில் உங்கள் அம்மா எந்தப் பக்கம் மெல்லுவார், எதற்கு முகம் சுளிப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களைக் கேவலமாக நடத்துகிற நிர்வாகம் முதியவர்களை மட்டும் நன்றாக நடத்தும் என்று நான் எங்கேயும் பார்த்ததில்லை.

எல்லைப் பகுதியில் இன்னொரு விஷயம் பேச்சு. உங்கள் அம்மா மலையாளம் நன்றாகப் பேசுவார், ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அதில்தான் பேசியிருப்பார். மறதி நோய் கூடக் கூடப் பின்னால் கற்ற பேச்சு முதலில் மங்கும், சின்ன வயதில் வீட்டில் பேசியதுதான் கடைசி வரை நிற்கும். இன்றைக்குப் பல இல்லங்களில் வேலை செய்பவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பாவம், நன்றாக உழைக்கிறார்கள், ஆனால் நடு இராத்திரியில் வயிறு வலிக்கிறது என்று உங்கள் அம்மா தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள அங்கே ஒருவராவது வேண்டும். பகலில் இருக்கும் மேட்ரனுக்குத் தமிழ் தெரிந்தால் போதாது. இரவு ஆளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

பணம், சொத்து சுருக்கமாக. மாதக் கட்டணத்தில் டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரிக்குத் துணை போகும் ஆள் எல்லாம் அடக்கமா, டெபாசிட் எப்போது திரும்ப வரும், கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னால் எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டயப்பர் தனிக் கணக்கு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மாற்றுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். வீட்டையோ நிலத்தையோ இல்லத்தின் பெயருக்கு எழுதி வைத்தால் ஆயுளுக்கும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007 சட்டத்தின் 23-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் 78 வயதில் அந்த அலைச்சல் எதற்கு?

சேர்த்த பிறகுதான் உண்மையான மதிப்பீடு ஆரம்பிக்கிறது. முதல் சில வாரம் அம்மா அழுவார், வீட்டுக்குக் கூட்டிப்போ என்பார், இராத்திரி குழம்புவார். இடம் மாறினால் மறதி நோயாளிகளுக்கு இது சகஜம்; அதை மட்டும் வைத்து இல்லத்தைத் தப்பாக நினைக்க வேண்டாம். எடை இறங்குவது, தோலில் காயம், ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் ஒடுங்குவது, எப்போது போனாலும் தூக்கம், பக்கத்தில் ஆள் நிற்காமல் உங்களோடு பேச விடாதது, இவை சகஜம் இல்லை. சேர்க்கிற அன்றைக்கே எடை பார்த்து, உடம்பில் ஏற்கெனவே என்ன தழும்பு, என்ன புண் இருக்கிறது என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்துக்கும் அது பாதுகாப்பு. தம்பி ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் பேசட்டும், நல்லதுதான். ஆனால் வீடியோவில் தெரிவது முகம் மட்டும். நேரில் போகிறவர் நீங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்துக்குப் போங்கள், சொல்லாமல் போங்கள். பார்வையாளர் நேரம் ஞாயிறு மாலை 3 முதல் 5 வரை மட்டும் என்று கண்டிப்பாக இருக்கும் இல்லத்தை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால் முதலில் நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குத் தடம் இருக்காது. அதற்கும் அசையவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567, இரண்டு மாநிலத்துக்கும் அதே எண்தான். பாலக்காட்டில் மாவட்டச் சமூக நீதி அலுவலர், கோவையில் மாவட்டச் சமூக நல அலுவலர். அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள் என்றால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

கடைசியாக, இரண்டில் எது என்ற கேள்வி. மேலே சொன்னதில் இரண்டும் தேறினால் நான் பார்ப்பது இரண்டே விஷயம். வேலை முடிந்த ஒரு சாயங்காலம் கோவையிலிருந்து நீங்கள் திடீரென்று கிளம்பினால் எதற்குச் சீக்கிரம் போய்ச் சேர முடியும்? பாலக்காட்டுக்கு வாளையாறு வழியாகவும் பொள்ளாச்சிக்குக் கிணத்துக்கடவு வழியாகவும் நீங்கள் ஓட்டிப் பார்த்தவர், உங்களுக்கே தெரியும். மற்றது வைத்தியம். கேரளத்தில் 2008-ல் பாலியேட்டிவ் கொள்கை வந்த பிறகு பஞ்சாயத்து வழியாக நர்ஸ் கட்டில் வரை வருகிற ஏற்பாடு நன்றாக வேர்விட்டிருக்கிறது. பாலக்காட்டு இல்லத்தைக் கேளுங்கள், அந்த நர்ஸ் அங்கே வருகிறாரா, கடைசியாக எப்போது வந்தார் என்று. வெளியாள் ஒருவர் மாதாமாதம் உள்ளே வந்து உடம்பைப் பார்க்கிற இல்லம் என் கணக்கில் ஒரு படி மேல். பொள்ளாச்சி இல்லத்தில் அதே மாதிரி வெளி டாக்டரோ நர்ஸோ தவறாமல் வந்தால், இரவிலும் தமிழ் தெரிந்த ஆள் இருந்தால், அதையே எடுங்கள்.

எடைப் புத்தகத்தையும் விழுந்தவர்கள் நோட்டையும் கேட்டபோது இரண்டு இடத்திலும் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். அதை வைத்து இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.